அதிர்ச்சிக்கு ஆளான குழந்தையைத் தேற்றுவது எப்படி: முதல் நாளிலிருந்து முதலாண்டு நினைவுநாள்வரை

விபத்து, தீ, வெள்ளம், வீட்டில் திடீர்ச் சாவு, கண்ணெதிரே நடந்த அடிதடி. எது நடந்திருந்தாலும், பிறகு குழந்தையைச் சுற்றிக் கூடும் பெரியவர்கள் முதலில் செய்யப் பார்ப்பது ஒரே காரியம்தான்: அதைப் பேச வைப்பது. “மனசுலயே வெச்சுக்காதே, எல்லாத்தையும் சொல்லிடு.” அக்கறையோடுதான் சொல்கிறார்கள். குழந்தையோ மேலும் இறுகிப் போகிறது.

பேச்சு வர வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் நான்கைந்து வேலைகள் இருக்கின்றன. புதிதாக உதவ வந்த தன்னார்வலர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் எனப் பலர் தடுமாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அன்பில் யாருக்கும் குறையில்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் பிசகு. அதனால் கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன்: தயாராக இருக்க வேண்டியவை

முதலில், ஒரு ஆள். குழந்தைக்கு ஏற்கெனவே நெருக்கமான ஒருவர் அடுத்த சில வாரங்களுக்கு முதன்மைப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவருக்குத் துணையாக இருக்கலாம். பத்துப் பேர் மாறிமாறி வந்து “எப்படி இருக்கே?” என்று கேட்டால், யாரிடம் சாய்வது என்று குழந்தைக்குத் தெரியாமல் போகும்.

அடுத்து, ஒரு நோட்டு. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு மூன்று வரி: எவ்வளவு தூங்கியது, என்ன சாப்பிட்டது, எது அதைக் கலங்க வைத்தது. இது அலுவலக வேலைபோலத் தோன்றலாம். ஆனால் நெருக்கடியில் பெரியவர்களின் ஞாபகம் நம்பத் தகுந்ததல்ல. நான்காவது வாரத்தில் “குறைகிறதா, கூடுகிறதா?” என்ற கேள்வி வரும்போது இந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

மூன்றாவது, பெரியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு விளக்கம். என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று எளிய வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா ஒன்று, பெரியப்பா ஒன்று, பக்கத்து வீட்டார் ஒன்று என்று சொன்னால், குழந்தை மூன்றையும் நம்பாமல் தானே நான்காவதாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். அந்த நான்காவது எப்போதும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

அவசர மருத்துவ உதவி, குழந்தைகள் மருத்துவர், குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண் ஆகிய மூன்றையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1. ஆபத்து முடிந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்

ஆபத்து தொடரும்போது பயம் நோயல்ல, சரியான எச்சரிக்கை. அடிப்பவர் அதே வீட்டில் இருந்தால், மூச்சுப் பயிற்சியோ ஆறுதலோ எதுவும் செய்யாது. குழந்தையை அங்கிருந்து அப்புறப்படுத்துவதும், கொடுமையை நிறுத்துவதும்தான் அப்போதைய மருந்து.

உடல் காயத்தையும் பாருங்கள். பயத்தில் இருக்கும் குழந்தை வலியைச் சொல்லாமல் இருந்துவிடும். தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சொக்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சு குழறினாலோ “அதிர்ச்சியில் அப்படி இருக்கிறது” என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பிறகு, வேண்டிய ஆளைப் பக்கத்தில் வையுங்கள். “பாவம், குழந்தை கொஞ்ச நாள் வேற இடத்துல இருக்கட்டும்” என்று உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பிய குழந்தைகளைக் கவனித்த உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், சிறு குழந்தைகளைக் குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் உலுக்கியதாகப் பதிவு செய்தார்கள். பிரிக்காமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தால், யார், எப்போது திரும்பி வருவார் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். அது தூங்கும்போது நழுவிப் போய்விடாதீர்கள்.

தொலைக்காட்சியையும் கைபேசிக் காணொளிகளையும் நிறுத்துங்கள். ஒரே காட்சி இருபது முறை ஓடினால், இருபது முறை நடப்பதாகவே சிறு குழந்தை எடுத்துக்கொள்ளும். 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்த பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளிலும், அந்தச் செய்திக் காட்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் அதிகம் காணப்பட்டன. பதின்வயதினரிடமிருந்து கைபேசியைப் பிடுங்க வேண்டாம், கூட உட்கார்ந்து, “என்ன பார்த்தே? அதுல எது உண்மைன்னு நினைக்கிறே?” என்று கேளுங்கள்.

*குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால்* இங்கே வரிசை வேறு. குறுக்கிடாமல் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பில்ல. உன்னைப் பாதுகாக்கறவங்ககிட்ட நான் சொல்லப்போறேன்.” இந்த மூன்றும் போதும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. “அவன் உன்னை இங்க தொட்டானா?” என்று நீங்களாக விவரம் கொடுத்துக் கேட்காதீர்கள். திணித்த விவரம் சிறு குழந்தையின் ஞாபகத்தில் கலந்துவிடும். பின்னால் விசாரணையும் பலவீனப்படும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்துவிட்டு, அன்றே குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் மருத்துவரிடமும் போங்கள்.

2. உங்களை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். “என்னை விடுங்க, குழந்தையைப் பாருங்க” என்பார்கள். ஆனால் குழந்தை, உலகம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் அளக்கிறது. உங்கள் கை நடுங்கும்போது “ஒண்ணுமில்ல, பயப்படாதே” என்றால், அது நம்புவது உங்கள் கையைத்தான்.

குழந்தையிடம் போவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளங்கால்கள் தரையில் பதிய நில்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள், ஐந்தாறு முறை. நீளமாக விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். அதற்குப் பிறகு உள்ளே போங்கள்.

அழவே கூடாது என்று பொருளல்ல. அழுகை வந்தால் அதற்குப் பெயர் சொல்லுங்கள்: “அம்மாவுக்குத் துக்கமா இருக்கு, அதான் அழறேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவேன். உன்னைப் பார்த்துக்க என்னால முடியும்.” கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை உங்களைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். எந்தத் தொந்தரவும் தராமல், தங்கைக்குச் சோறூட்டி, உங்கள் கண்ணைத் துடைத்துவிடும் அந்தப் பிள்ளையை “எவ்வளவு பக்குவம்!” என்று மெச்சுகிறோம். அந்தப் பிள்ளையைத்தான் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நீங்களே அந்தச் சம்பவத்தில் சிக்கியவராக இருந்தால், உங்களுக்கென்று பேச வேறொரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அந்த ஆளாகிவிடக் கூடாது.

3. உடம்பை ஆற்றுங்கள்

தண்ணீர், சாப்பாடு, சுத்தமான உடை, போர்வை, தூங்க ஒரு இடம். முதல் நாளில் இவையே சிகிச்சை. உலகச் சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, உதவுபவர் செய்ய வேண்டியதை மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை (வேண்டிய உதவியோடும் ஆட்களோடும் சேர்த்துவிடு). பார்ப்பது முதலில் வருவதைக் கவனியுங்கள். பசிக்கிறதா, குளிர்கிறதா, யாரைத் தேடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் காதுக்கு வேலை.

அதிர்ச்சியில் உடம்பின் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது எல்லாம். “நடிக்கிறான்” என்று சொல்லாதீர்கள். வலி உண்மையானதுதான். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு குழந்தையிடம் சொல்லலாம்: “பயம் வயித்துலயும் வந்து உக்காரும். அது போயிடும்.”

மூச்சுப் பயிற்சியைப் பயம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அமைதியான நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, மூச்சில் அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புக் குமிழி ஊதுவதும் அதே வேலையைச் செய்யும். மெதுவாக ஊதினால்தானே பெரிய குமிழி வரும்?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 5, 4, 3, 2, 1: கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று, மணக்கும் இரண்டு, நாவில் உணரும் ஒன்று. ஞாபகத்தில் சிக்கிய மனதை இந்த அறைக்கு, இந்த நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இதன் நோக்கம்.

ஒரு எச்சரிக்கை. தூங்கட்டும் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்காகவோ தூக்கமின்மைக்காகவோ பென்சோடயசிபீன் வகை (தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும்) மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

4. நாளுக்கு ஒரு வரிசை கொடுங்கள்

எதிர்பாராதது நடந்ததுதான் அதிர்ச்சி. அதற்கு மாற்று, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடப்பது. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, விளையாடுவது, படுப்பது எல்லாம் முடிந்தவரை பழைய நேரத்திலேயே நடக்கட்டும். வீடே போய்விட்டாலும், படுக்கும் முன் ஒரு கதை என்ற ஒரே ஒரு வழக்கத்தைக் காப்பாற்றினால்கூடப் போதும். மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்டலாம்.

காலையில் அன்றைய நாளைச் சொல்லுங்கள். “இப்ப சாப்பிடப் போறோம். அப்புறம் நான் ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வருவேன். நீ பாட்டிகூட இருப்பே.” சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். தாமதமானால் தகவல் சொல்லுங்கள். சின்ன வாக்கு காப்பாற்றப்படுவதைக் குழந்தை எண்ணிக்கொண்டே இருக்கும்.

சின்னத் தேர்வுகளைக் குழந்தையிடம் விடுங்கள்: எந்தச் சட்டை, எந்தக் கதை, விளக்கு எரியட்டுமா வேண்டாமா. சம்பவத்தின்போது அதன் கையில் எதுவுமே இருக்கவில்லை. சட்டையின் நிறமாவது இருக்கட்டும்.

பாவம் என்று எல்லா விதிகளையும் தளர்த்துவது அடுத்த தவறு. தம்பியை அடித்தால் தடுக்கத்தான் வேண்டும். “கோபம் வரலாம், அடிக்கக் கூடாது” என்று சொல்லி நிறுத்துங்கள். எல்லை கலைந்துபோனால், பெரியவர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் குழந்தைக்குத் தோன்றும்.

5. உண்மையைச் சிறு சொற்களில் சொல்லுங்கள்

மூன்று செய்திகள் அதன் காதில் விழ வேண்டும்: என்ன நடந்தது, இப்போது என்ன நிலை, அது அதன் தவறல்ல.

“ரயில் தடம் புரண்டுச்சு. அப்பாவுக்கு ரொம்ப அடிபட்டுச்சு. டாக்டருங்க எவ்வளவோ முயற்சி பண்ணாங்க. அப்பா செத்துப்போயிட்டாங்க.” செத்துப்போனார் என்ற சொல் நாக்கில் வராது. எனக்கும் முதல்முறை வரவில்லை. ஆனால் “தூங்கறாங்க” என்றால் அன்றிரவு முதல் குழந்தை தூங்கப் பயப்படும். “வெளியூர் போயிருக்காங்க” என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு உண்மை தெரியும்போது அப்பாவையும் இழந்து, உங்கள் மேலிருந்த நம்பிக்கையையும் இழக்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே, சாவு மீளாதது என்பது புரியாது. நேற்று சொன்னதையே இன்றும் கேட்கும்: “அப்பா எப்ப வருவாங்க?” மறந்துவிட்டதென்றோ வேண்டுமென்றே வதைக்கிறதென்றோ நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. அதே சொற்களில் அதே பதிலைச் சொல்லுங்கள்.

குற்றவுணர்வைத் தனியாகக் கவனியுங்கள். சுமார் மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை, தான் நினைத்ததால்தான் நடந்தது என்று நம்பும் பழக்கம் உண்டு. தம்பி பிறந்த கோபத்தில் “நீ செத்துப் போ” என்று சொல்லியிருந்து, பிறகு தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தச் சொல் கொன்றுவிட்டதாகவே குழந்தை நினைக்கும், யாரிடமும் சொல்லாது. ஆகவே கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்: “நீ நினைச்சதாலயோ, சொன்னதாலயோ, செஞ்சதாலயோ இது நடக்கல.” ஒருமுறை அல்ல, பல நாள், பல நேரம்.

காப்பாற்ற முடியாத உறுதியைத் தராதீர்கள். “இனி எப்பவுமே இப்படி நடக்காது” என்பது யார் கையிலும் இல்லை. “இனிமே இப்படி வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்” என்று சொல்லி, அந்த ஏற்பாட்டைக் காட்டுங்கள்: எந்த வழியாக வெளியேறுவது, எங்கே சந்திப்பது, யாரைக் கூப்பிடுவது. செய்ய ஏதோ இருக்கிறது என்பது வெறும் ஆறுதலைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

6. இப்போது பேச்சு: கதவைத் திறந்து வையுங்கள், இழுக்காதீர்கள்

சம்பவம் நடந்த சில நாட்களிலேயே எல்லாரையும் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளில் அதனால் பயன் தென்படவில்லை; சிலருக்கு நிலை மோசமாகவும் ஆனது. உடம்பு இன்னும் அபாய நிலையில் இருக்கும்போது விவரங்களைக் கிளறுவது, ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறுவதுபோல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: “எப்ப பேசணும்னு தோணினாலும் நான் இருக்கேன். பேசலைன்னாலும் பரவாயில்ல.” சொல்லிவிட்டு, சும்மா இருங்கள். பெரும்பாலும் பேச்சு நேருக்கு நேர் உட்காரும்போது வராது. நடந்து போகும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு வரும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல், ஆனால் காதை முழுக்கக் கொடுத்துக் கேளுங்கள்.

கேட்கும்போது செய்யும் தவறுகள் நாலைந்துதான், ஆனால் எல்லாருமே செய்வோம். “அழாதே” என்பது. “நீ தைரியசாலியாச்சே” என்பது. அதன் பிறகு பயத்தைச் சொல்ல அதற்கு வாயே வராது. “மத்தவங்களுக்கு இதைவிட மோசமா நடந்திருக்கு” என்பது. குழந்தை ஒரு வாக்கியம் சொன்னதும் “அப்புறம்? அப்புறம்?” என்று துருவுவது. சொன்னதை அதே மாலையில் உறவினர்களிடம் ஒப்பிப்பது. குழந்தை பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கும்.

சரியான பதில் பெரும்பாலும் குழந்தையின் சொல்லையே திருப்பிச் சொல்வதுதான். “சத்தம் பயங்கரமா இருந்துச்சு.” “ம், பயங்கரமா இருந்துச்சு.” அதற்கு மேல் அது போனால் கூடவே போங்கள். நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

பதின்வயதுப் பிள்ளைகள் பெற்றோரைவிட நண்பர்களிடம் முதலில் பேசுவார்கள். அதில் மனத்தாங்கல் வேண்டாம். அவர்களிடம் கவனிக்க வேண்டியது வேறு: போதைப்பொருள், வேண்டுமென்றே ஆபத்தில் இறங்குவது, பழிவாங்கும் பேச்சு, “எனக்கு எதிர்காலமே இல்ல” என்ற தொனி. கடைசியானதைக் கேட்டால் நேரடியாகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலரைப் பேச வைக்கும். “ஆமாம்” என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் கூரான பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

7. விளையாட்டைப் படியுங்கள்

சிறு குழந்தை வாயால் பேசுவதைவிடக் கையால் அதிகம் பேசும். தீயைப் பார்த்த குழந்தை பொம்மை வீட்டைக் கொளுத்தும். விபத்தைப் பார்த்த குழந்தை காரை மோதவிடும். “என்ன விளையாட்டு இது!” என்று பிடுங்காதீர்கள். அது நடந்ததைத் தன் கைக்குள் கொண்டுவரும் முயற்சி.

பார்க்க வேண்டியது, விளையாட்டு மாறுகிறதா என்பதை. முதல் வாரம் கார் மோதி எல்லாரும் சாகிறார்கள். இரண்டாம் வாரம் ஆம்புலன்ஸ் வருகிறது. மூன்றாம் வாரம் ஒரு டாக்டர் சேர்கிறார். இது ஆறுதலின் பாதை. ஆனால் அதே மோதல், அதே வரிசை, முகத்தில் மகிழ்ச்சியே இல்லாமல், முடிந்ததும் முன்பைவிடக் கலக்கத்தோடு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது சிக்கிக்கொண்ட விளையாட்டு. 1976இல் கலிபோர்னியாவின் சவுசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டுத் தப்பிய 26 குழந்தைகளில் பெரும்பாலானோரை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர் இந்த வகை விளையாட்டைத்தான் விரிவாகப் பதிவு செய்தார்.

சிக்கியிருந்தால் மெல்ல ஒரு வழியைத் திறந்துவிடலாம். “இவங்களுக்கு உதவ யாராவது வருவாங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி. ஏற்றுக்கொண்டால் நல்லது. தட்டிவிட்டால் விட்டுவிடுங்கள், நோட்டில் எழுதுங்கள், 11ஆம் படியில் பயன்படும்.

8. பின்னோக்கிப் போவதைத் தண்டிக்காதீர்கள்

பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும், விரல் சூப்பும், மழலை பேசும், கழிப்பறைக்குக்கூடத் தனியாகப் போகாது. பாதுகாப்பாக இருந்த பழைய வயதுக்கு அது தற்காலிகமாகத் திரும்பியிருக்கிறது. துணியை மாற்றிவிட்டு, “பரவாயில்ல, திரும்பவும் பழகிடுவே” என்று சொல்லிப் படுக்க வையுங்கள். கேலி செய்தால் இந்தக் கட்டம் நீளும்.

9. இரவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

இரவில் அலறி எழும் குழந்தைக்கு நடப்பது இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர்மாறானது. வித்தியாசம் தெரியாமல்தான் பலர் இரவெல்லாம் போராடுகிறார்கள்.

கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும். குழந்தை முழுக்க விழித்துக்கொள்ளும், உங்களைத் தேடும், கனவு ஞாபகம் இருக்கும். அணைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்லுங்கள். மறுநாள் பகலில் அந்தக் கனவை வரையச் சொல்லி, முடிவை மட்டும் அதற்குப் பிடித்த மாதிரி மாற்றச் சொல்லுங்கள். புது முடிவைப் படுக்கும் முன் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

இரவுத் திகில் வேறு. தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வரும். கண் திறந்திருக்கும், அலறும், வியர்க்கும், ஆனால் உங்களை அடையாளம் தெரியாது. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. எழுப்பப் பார்த்தால் இன்னும் மிரளும். கீழே விழாமல் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசியபடி பக்கத்தில் இருங்கள். தானே அடங்கும்.

கொஞ்ச நாள் உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். கெட்டுப்போகாது. நோட்டில் நிலைமை தணிந்ததாகத் தெரியும்போது படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம்.

10. ஒதுக்கும் இடங்களை ஏணி வைத்து மீட்டெடுங்கள்

முதல் சில வாரங்கள் ஆறிய பிறகே இந்தப் படி. அவசரப்படுத்தினால் இதுவே இன்னொரு அதிர்ச்சியாகிவிடும். முழுக்கத் தவிர்த்தாலும் சிக்கல்: ஒவ்வொரு முறை விலகிப் போகும்போதும் “தப்பிச்சோம்” என்ற நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதியே பயத்தை வளர்க்கும். முதலில் விபத்து நடந்த சாலை, பிறகு எல்லாச் சாலைகளும், பிறகு வாசற்படி என்று உலகம் சுருங்கிக்கொண்டே போகும்.

காரில் ஏற மறுக்கும் பிள்ளைக்கு ஏணி இப்படி இருக்கலாம்: தூரத்திலிருந்து காரைப் பார்ப்பது, தொடுவது, கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்காருவது, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கதை கேட்பது, எஞ்சினைப் போட்டு நகராமல் இருப்பது, தெரு முனைவரை போய் வருவது, கடைசியாக அந்தச் சாலை. படிகளைக் குழந்தையோடு சேர்ந்து எழுதுங்கள்.

ஒரு படியில் பயம் ஏறி, பிறகு தானாக இறங்கும்வரை அதிலேயே இருங்கள். உச்சத்தில் இறங்கி ஓடிவிட்டால் “ஓடியதால்தான் பிழைத்தோம்” என்ற பாடம் பதியும். ஆகவே குழந்தையால் தாங்க முடிந்த சிறிய படியையே தேர்ந்தெடுங்கள். தாங்கவில்லை என்றால் படி பெரிதாக இருந்தது என்று பொருள். பிள்ளை கோழை என்றல்ல. உண்மையிலேயே ஆபத்தான இடத்துக்கோ ஆளிடமோ இந்த ஏணியைப் போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கும் இதே முறைதான். திரும்பும் முன் வகுப்பாசிரியரிடம் பேசி மூன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: வகுப்பு முன்னால் யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது, தாங்காதபோது எழுந்து போக ஒரு இடமும் ஒரு ஆளும் இருக்க வேண்டும், மதிப்பெண் சில மாதம் சரியலாம். கவனம் சிதறுவதையும் எரிச்சலையும் சேட்டை என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, இது அபாய மணியின் வேலை என்று யாராவது விளக்கியாக வேண்டும்.

11. நாட்களை எண்ணுங்கள்: எப்போது நிபுணர் வேண்டும்

உடனே மருத்துவரிடம் போகச் சொன்னவை தவிர, மேலே சொன்ன அறிகுறிகள் முதல் மாதத்தில் பெரும்பாலும் இயல்பானவை. அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தினருக்கே அது நீடித்த கோளாறாக மாறுகிறது என்று 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. இயற்கைச் சீற்றம், விபத்து ஆகியவற்றைவிட, மனிதர் கையால் நேர்ந்த கொடுமையில் அந்த விகிதம் கூடுதல். ஆகவே பொறுத்திருக்கலாம், ஆனால் நோட்டைப் பார்த்துக்கொண்டே பொறுத்திருங்கள்.

ஒரு மாதம் கடந்தும் கனவுகள், திடீர் நினைவுகள், ஒதுங்கல், திடுக்கிடல் குறையவில்லை என்றால், அல்லது படிப்பையும் விளையாட்டையும் நட்பையும் அவை தடுக்கின்றன என்றால், குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அறிகுறிகள் வேறு மாதிரி வெளிப்படுவதால், 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்கண்டறியும் கையேடு அவர்களுக்கென்று தனி அளவுகோலே வைத்திருக்கிறது. “சின்னக் குழந்தை, மறந்துடும்” என்ற பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மாதம் முடியக் காத்திருக்கக் கூடாதவை: சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாப்பிடவோ குடிக்கவோ மறுப்பது, பேச்சே நின்றுபோவது, ஆள் இருந்தும் இல்லாததுபோல் வெறித்து நிற்பது, இல்லாத குரல் கேட்பது.

நிபுணரிடம் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (TF-CBT; எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) தெரியுமா என்று கேளுங்கள். குழந்தைகளிடம் அதிகம் ஆராயப்பட்டு, பலன் நிரூபிக்கப்பட்ட முறை அது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள், பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. அங்கேயும் வரிசை இதுவேதான்: முதலில் உடம்பை அடக்கும் திறன்கள், பிறகே நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொல்வது. முதல் சந்திப்பிலேயே குழந்தையை முழுக் கதையும் சொல்ல வற்புறுத்துபவரிடமும், பெற்றோரை உள்ளேயே சேர்க்காதவரிடமும் ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறொருவரைத் தேடுங்கள்.

12. நினைவுநாளுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

ஆறு மாதமாக நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி படுக்கையை நனைக்கிறதென்றால் நாட்காட்டியைப் பாருங்கள். சம்பவம் நடந்த மாதம், இறந்தவரின் பிறந்தநாள், அதே மழைக்காலம், அதே சைரன் சத்தம். குழந்தைக்குத் தேதி தெரியாவிட்டாலும் வெயிலும் வாசனையும் ஞாபகப்படுத்தும். பழைய நிலைக்கே போய்விட்டதாகப் பதற வேண்டாம்; 3ஆம் படியையும் 4ஆம் படியையும் சில நாள் திரும்பச் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதலாண்டு நிறைவுக்கு இரண்டு வாரம் முன்பே பேசுங்கள். “அந்த நாள் வருது. என்ன செய்யலாம்னு தோணுது?” படம் வரைய வேண்டும் என்கலாம், அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்கலாம், ஒன்றும் வேண்டாம், பள்ளிக்கே போகிறேன் என்கலாம். மூன்றுமே சரி. அன்று தொலைக்காட்சியில் பழைய காட்சிகள் ஓடக்கூடும் என்றால் முன்பே அணைத்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும்படி உங்கள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். இரவு வழக்கமான நேரத்துக்குப் படுக்கை, வழக்கமான கதை. மறுநாள் காலை நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்.